விருந்து நாள்ல பல்லுக்கு என்ன ஆகுது? வாசகர் கேள்விகளும் பல் டாக்டர் பதில்களும்

பண்டிகை லீவு வர்றதுக்கு முன்னாடியும் சரி முடிஞ்ச பிறகும் சரி, எனக்கு வர்ற கேள்விகள் பெரும்பாலும் சாப்பாட்டச் சுத்தியேதான் இருக்கும். முன்னாடி கேக்குறவங்க "எத சாப்பிடலாம், எத விடணும்"னு கேப்பாங்க, பின்னாடி எழுதுறவங்க "வலிக்குது, என்ன பண்ணுறது"ன்னு எழுதுவாங்க. இந்தத் தடவ ரெண்டையும் கலந்து எடுத்திருக்கேன். ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: டாக்டர், லீவு நாள்ல வீடு முழுக்க ஸ்வீட் டப்பாதான். நான் ஒரேயடியா சாப்பிடுற ஆள் இல்ல, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் போறப்ப வர்றப்ப ஒரு சின்ன துண்டு வாயில போட்டுக்குவேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மதிய சாப்பாட்டோட சேத்து மூணு நாலு ஸ்வீட்ட ஒரே மூச்சுல சாப்பிட்டுட்டு அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டார். மொத்தமா பாத்தா அவர்தான் அதிகமா சாப்பிடுறார். ஆனா சொத்தை வர்றது எனக்கு. ஏன் இப்படி?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் நீளமா பதில் சொல்லப் போறேன்மா, ஏன்னா இது புரிஞ்சிட்டா கீழ இருக்குற பாதி கேள்விக்கு விடை தானா வந்துடும்.

பல்லு மேல எப்பவுமே ஒரு மெல்லிசான படலம் இருக்கும், நாக்கால தடவினா வழவழன்னு தெரியும், அதுல கோடிக்கணக்குல கிருமிங்க குடியிருக்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்னு ஒண்ணு, அது 1924-லயே கண்டுபிடிச்சது, அதோட லாக்டோபேசில்லஸ் மாதிரி இன்னும் சில. நம்ம வாயில சர்க்கரை பட்டதும் இதுங்க அத தின்னுட்டு ஆசிட்ட வெளிய விடும். சில நிமிஷத்துலயே அந்தப் படலத்தோட பிஎச் அளவு (ஆசிட் எவ்வளவு கடுமைன்னு காட்டுற எண், எண் குறையக் குறைய ஆசிட் கடுமை கூடும்) மளமளன்னு இறங்கும். 5.5-க்குக் கீழ போனா பல்லோட மேல்பூச்சான எனாமல்ல இருக்குற கால்சியமும் பாஸ்பேட்டும் கரைஞ்சு வெளிய வர ஆரம்பிச்சுடும். எனாமல் நம்ம உடம்புலயே ரொம்ப கடினமான பொருள், எலும்ப விடவும் கடினம், ஆனா ஆசிட் முன்னாடி அதோட கடினம் செல்லாது. அப்புறம் எச்சில் வந்து அந்த ஆசிட்ட கழுவி, சமன் பண்ணி, போன கால்சியத்த திரும்ப பல்லுக்குள்ள ஏத்தும். இதுக்கு அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகும். 1940-கள்ல ராபர்ட் ஸ்டீபன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இத அளந்து கிராஃப் போட்டே காட்டினார், இன்னைக்கும் பல் மருத்துவம் படிக்கிற எல்லா பிள்ளைங்களும் அந்த ஸ்டீபன் வளைவ படிச்சிட்டுத்தான் வர்றாங்க.

இப்ப உங்க கணக்க பாருங்க. வீட்டுக்காரர் சாப்பாட்டோட நாலு ஸ்வீட் சாப்பிட்டாலும் பிஎச் ஒரு தடவதான் இறங்குது, அதுவும் சாப்பிடுற நேரத்துல எச்சில் நல்லா ஊறுறதால சீக்கிரம் ஏறிடுது, மிச்ச நேரம் முழுக்க அவர் பல்லு தன்னத் தானே ரிப்பேர் பண்ணிக்குது. நீங்க ஒரு துண்டு போட்டு, அது ஏறி வர்றதுக்குள்ள இன்னொரு துண்டு, அப்புறம் டீ, அதுல சர்க்கரை, அப்புறம் திரும்ப ஒரு துண்டு. உங்க பல்லுக்கு ரிப்பேர் பண்ண டைமே கிடைக்கல. அவர விட கம்மியா சாப்பிட்டும் உங்க பல்லு அவர் பல்ல விட பல மடங்கு நேரம் ஆசிட்ல நின்னிருக்கு.

இத நிரூபிச்ச ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, ஆனா அத சொல்லும்போது மனசு கஷ்டமாவும் இருக்கு. ஸ்வீடன்ல லுண்ட் ஊர் பக்கத்துல விப்பஹோல்ம்னு ஒரு மருத்துவமனை, அங்க இருந்தவங்க மனவளர்ச்சி குறைஞ்ச நோயாளிங்க. 1940-கள்ல அவங்கள பல குழுவா பிரிச்சு, சிலருக்கு சாப்பாட்டோட மட்டும் சர்க்கரை, சிலருக்கு நடுநடுவுல ஒட்டுற டாஃபி, இப்படி வருஷக்கணக்கா குடுத்து பாத்தாங்க. சாப்பாட்டோட சர்க்கரை சாப்பிட்டவங்களுக்கு சொத்தை பெருசா கூடல, நடுநடுவுல டாஃபி சாப்பிட்டவங்களுக்கு பல்லு மோசமா போச்சு. 1954-ல முடிவுகள் வெளிவந்துச்சு. அந்த மனுஷங்ககிட்ட யாரும் சம்மதம் கேக்கல, இன்னைக்கு இப்படி ஒண்ணு செய்ய எந்த நாட்டுலயும் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அவங்க பல்ல இழந்துதான் நமக்கு இந்த உண்மை தெரிஞ்சுதுங்கிறத மறக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

அதனால நீங்க செய்ய வேண்டியது ஸ்வீட்ட விடுறது இல்ல. டப்பாவ மேஜை மேல இருந்து எடுத்து அலமாரிக்குள்ள வைங்க, சாப்பாடு முடிஞ்ச கையோட வேணுங்கிறத சாப்பிடுங்க, நடுவுல வாய் கேட்டா தண்ணி குடிங்க. இது பல்லுக்கு. உடம்புக்கு அளவும் முக்கியம், வெளிய இருந்து சேர்ற சர்க்கரை மொத்த கலோரில 10 சதவீதத்துக்கு கீழ இருக்கணும், 5 சதவீதத்துக்கு கீழ இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொல்லியிருக்கு, அந்த 5 சதவீதம்ங்கிறது பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 25 கிராம், ஆறு டீஸ்பூன். வீட்டுக்காரர்கிட்டயும் இத சொல்லுங்க.

கேள்வி: நான் ஸ்வீட் பக்கமே போக மாட்டேன், எனக்கு காரம்தான் பிடிக்கும். சிப்ஸ், பிஸ்கட், நொறுக்குத்தீனி இதெல்லாம்தான். அப்ப நான் சேஃப்தான?

பதில்: இல்ல தம்பி. சிப்ஸ், க்ராக்கர் பிஸ்கட், வெள்ளை பிரெட் இதெல்லாம் வெந்த மாவுச்சத்து. எச்சில்ல இருக்குற அமைலேஸ்ங்கிற என்சைம் இத வாயிலயே சர்க்கரையா உடைக்க ஆரம்பிச்சுடும். அதோட இது மெல்லும்போது பசை மாதிரி ஆகி கடவாய்ப்பல்லு மேல இருக்குற பள்ளத்துலயும் ரெண்டு பல்லுக்கு நடுவுலயும் போய் அடைஞ்சுக்கும். நம்ம மனசுல டாஃபிதான் ரொம்ப ஒட்டும்னு இருக்கு, ஆனா சோதிச்சு பாத்தப்ப பிஸ்கட்டும் க்ராக்கரும் பல்லுல அத விட அதிக நேரம் தங்குது, ஏன்னா டாஃபி எச்சில்ல கரைஞ்சு போயிடும், மாவு கரையாது. சாதாரண சாக்லேட் கூட வாய விட்டு கொஞ்சம் சீக்கிரமா போயிடும். டிவி பாத்துக்கிட்டே ஒரு பெரிய சிப்ஸ் பாக்கெட்ட ரெண்டு மணி நேரம் கொறிக்கிறதும், மேல எழுதியிருக்குற அம்மா போறப்ப வர்றப்ப ஸ்வீட் சாப்பிடுறதும் பல்லுக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். கொறிச்சு முடிச்சதும் தண்ணி ஊத்தி நல்லா அழுத்தி கொப்பளிங்க.

கேள்வி: வெள்ளை சர்க்கரைக்கு பதிலா தேன், பேரீச்சம்பழம், உலர் திராட்சை போட்டு செஞ்ச பலகாரம் பல்லுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுறாங்களே?

பதில்: கிருமிக்கு அது தேனா வெள்ளை சர்க்கரையான்னு தெரியாது, ரெண்டுலயும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்தான் இருக்கு. உலர் பழத்துல நார்ச்சத்து, இரும்புச்சத்து இருக்கு, நல்ல உணவுதான், மறுக்கல. ஆனா தண்ணி வத்திப் போனதால சர்க்கரை அடர்த்தியா இருக்கும், நல்லா ஒட்டவும் செய்யும். சாப்பாட்டோட சேத்து சாப்பிடுங்க, கைல வெச்சுக்கிட்டு நாள் முழுக்க மெல்லாதீங்க.

கேள்வி: விருந்து முடிஞ்ச உடனே ஓடிப் போய் பல்லு தேய்க்கிறேன், அப்படித்தான் சின்ன வயசுல இருந்து பழக்கம். ஒரு ஃப்ரெண்டு அது தப்புன்னு சொல்லுறான். எது சரி?

பதில்: என்ன சாப்பிட்டீங்கங்கிறத பொறுத்து இருக்கு. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி புளிப்புப் பழம், வினிகர் போட்ட சாலட், ஊறுகாய் வகை, கூல் டிரிங்க்ஸ், ஒயின், இதெல்லாம் தானே ஆசிட். கிருமி வந்து ஆசிட் பண்ண வேண்டிய அவசியமே இல்ல, நேரடியா எனாமலோட மேல்பரப்ப இளக்கிடும். அந்த நேரத்துல பிரஷ்ஷ போட்டு அழுத்தித் தேய்ச்சா இளகின அந்த மேல்பூச்சு கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சு போகும். ஒரு நாள்ல தெரியாது, வருஷக்கணக்குல பல்லு மஞ்சளா, மெலிசா, கூசுற மாதிரி ஆகும். அதனால புளிப்பு சாப்பிட்டா தண்ணில கொப்பளிச்சுட்டு குறைஞ்சது அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சு தேய்ங்க.

ஆனா இத ஒரு சாக்கா வெச்சுக்கிட்டு ராத்திரி தேய்க்காம தூங்கிடாதீங்க, அதுதான் எனக்கு பயம். விருந்து நாள்ல எல்லாரும் விடுறது ராத்திரி பிரஷ்தான், களைச்சுப் போய் அப்படியே படுத்துடுவாங்க. தூங்கும்போது எச்சில் ஏறக்குறைய நின்னே போயிடும், பகல்ல ஆசிட்ட கழுவுற காவல் ராத்திரி இல்ல, அந்த நேரத்துல பல்லு மேல மாவும் சர்க்கரையும் இருந்தா அதுக்கு மேல மோசம் வேற இல்ல. ஃப்ளோரைடு 1000-ல இருந்து 1500 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கிற அளவு) வரைக்கும் இருக்குற பேஸ்ட், ரெண்டு நிமிஷம், துப்பிட்டு அதோட விட்டுடுங்க, தண்ணி ஊத்தி அலசாதீங்க. அலசினா ஃப்ளோரைடும் சேந்து போயிடும். இத சொன்னா நிறைய பேர் முகத்த சுளிக்கிறாங்க, ரெண்டு மூணு நாள்ல பழகிடும்.

கேள்வி: டயட் கூல் டிரிங்க்ஸ்ல சர்க்கரையே இல்லையே, அத எவ்வளவு வேணா குடிக்கலாமா? அப்புறம் சும்மா சோடா?

பதில்: சர்க்கரை இல்ல, சரி, அதனால கிருமிக்கு தீனி இல்ல. ஆனா பாஸ்பாரிக் ஆசிட், சிட்ரிக் ஆசிட் எல்லாம் அப்படியே இருக்கு. சாதாரண கோலாவோட பிஎச் 2.5 பக்கம், டயட்டும் 3 பக்கத்துலதான் நிக்கும், எனாமல் கரையுற எல்லை 5.5-ன்னு மேல சொன்னேன் பாருங்க. எதுவும் சேக்காத வெறும் சோடா அவ்வளவு மோசம் இல்ல, எலுமிச்சை பிழிஞ்சா கதை வேற. குடிக்கணும்னா சாப்பாட்டோட குடிங்க, ஸ்ட்ரா போட்டு குடிங்க, வாய்க்குள்ள வெச்சு அலசி ரசிச்சு முழுங்குறத விடுங்க. ஒரு கிளாஸ ரெண்டு மணி நேரம் கைல வெச்சு உறிஞ்சிக்கிட்டே இருக்குறதுதான் எல்லாத்துலயும் கெட்டது.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு. விருந்துல ஏதோ கொட்டை வகை கடிச்சப்ப டக்குன்னு ஒரு சத்தம். அன்னைக்கு வலி இல்ல. இப்ப பத்து நாளா அந்தப் பக்கம் கடிச்சா சுரீர்னு இழுக்குது, அதுவும் கடிக்கும்போது இல்லயாம், கடிச்சுட்டு வாயத் திறக்கும்போதுதானாம். எக்ஸ்ரே எடுத்தோம், ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பல்லுல ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி பெருசா அடைச்சிருக்கு. அப்பா "தானா சரியாயிடும்"னு சொல்லுறாரு.

பதில்: தானா சரியாகாது, அப்பாகிட்ட இத நீங்க கண்டிப்பா சொல்லணும். நீங்க எழுதியிருக்குற விவரம் விரிசல் விட்ட பல்லுக்கு அப்படியே பொருந்துது. கடிக்கும்போது விரிசல் லேசா விலகும், விடும்போது டக்குன்னு சேரும், அந்த நொடியில உள்ள இருக்குற நரம்பு சுண்டி இழுக்கும். விரிசல் ரொம்ப மெலிசா இருக்குறதால எக்ஸ்ரேல தெரியாம போறது சகஜம். அதனால "எக்ஸ்ரே நல்லா இருக்கு, அப்ப பல்லும் நல்லா இருக்கு"ன்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு முனையா தனித்தனியா கடிக்க வெச்சு பாக்குறது, லைட்ட பக்கவாட்டுல அடிச்சு பாக்குறது, பழைய ஃபில்லிங்க எடுத்துட்டு உள்ள பாக்குறது, இப்படித்தான் கண்டுபிடிப்போம். இத தெளிவா கேட்டு செக் பண்ணச் சொல்லுங்க.

உடைஞ்ச எலும்பு ஒட்டுற மாதிரி எனாமல் ஒட்டாது, அதுக்குள்ள உயிருள்ள செல் கிடையாது. கார் முன்கண்ணாடில விழுந்த கீறல் மாதிரி ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா நீண்டுக்கிட்டே போகும். இப்பவே போனா ஒரு கேப் போட்டு பல்ல இறுக்கிப் பிடிச்சு காப்பாத்த வாய்ப்பு இருக்கு, நரம்பு பாதிச்சிருந்தா ரூட் கெனாலும் (உள்ள இருக்குற நரம்ப எடுத்துட்டு அடைக்கிறது) தேவைப்படலாம். விரிசல் வேர் வரைக்கும் இறங்கிட்டா பல்ல எடுக்குறதத் தவிர வேற வழி இருக்காது. அது வரைக்கும் அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம், சூடும் சில்லுனும் வேண்டாம்.

மத்தவங்களுக்கும் சேத்து சொல்லுறேன். பெரிய ஃபில்லிங் இருக்குற பல்லும், ரூட் கெனால் பண்ணி கேப் போடாம விட்ட பல்லும்தான் விருந்து நாள்ல அதிகமா உடையுது. கொட்டைய பல்லால உடைக்காதீங்க, எலும்ப கடிக்காதீங்க, கிளாஸ்ல மிச்சம் இருக்குற ஐஸ் கட்டிய மெல்லாதீங்க, பாட்டில் மூடிய பல்லால திறக்காதீங்க. பாப்கார்ன் கிண்ணத்தோட அடியில பொரியாம கிடக்குற முத்து இருக்கே, அதுவும் கல்லு மாதிரிதான்.

கேள்வி: கறி சாப்பிட்டா எப்பவும் ஒரே இடத்துல, வலது பக்கம் கடைசி ரெண்டு பல்லுக்கு நடுவுல மாட்டிக்குது. சேஃப்டி பின்ன வெச்சு எடுத்துடுவேன். இப்ப அந்த இடத்துல ஈறு வீங்கி ரத்தம் வருது.

பதில்: முதல்ல அந்தப் பின்ன தூக்கிப் போடுங்க சார். ஈறு கிழியும், கிழிஞ்ச இடத்துல கிருமி போகும், பல்லோட பக்கவாட்டுலயும் கீறல் விழும். ஃப்ளாஸ் நூல்தான் சரி. பல்லுக்கு நடுவுல மெதுவா அறுக்குற மாதிரி முன்ன பின்ன இழுத்து இறக்கி, ஒரு பல்லோட பக்கத்த அணைச்சு மேல இழுக்கணும், அப்புறம் அடுத்த பல்லு. இடைவெளி பெருசா இருந்தா நடுவுல விடுற குட்டி பிரஷ் கிடைக்குது, அது இன்னும் சுலபம்.

அத விட முக்கியமானது நீங்க எழுதின "எப்பவும் ஒரே இடத்துல"ங்கிற வார்த்தை. நல்ல பல்லு ரெண்டும் ஒண்ண ஒண்ணு இறுக்கமா தொட்டுக்கிட்டு இருக்கும், ஏதோ ஒரு தடவ மாட்டலாம், ஒவ்வொரு தடவையும் மாட்டாது. அப்படி மாட்டுதுன்னா நடுவுல சொத்தை விழுந்து குழி ஆயிருக்கலாம், பழைய ஃபில்லிங்கோட ஓரம் சரியில்லாம இருக்கலாம், இல்ல ஈறு நோயால பல்லு நகந்திருக்கலாம். வாயத் திறந்து கண்ணாடில பாத்தா தெரியாது, நடுப்பக்கத்த காட்டுற எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். போய் காட்டுங்க.

கேள்வி: என் பையனுக்கு நாலு வயசு. விருந்துக்குப் போனா சித்தி, மாமா, பாட்டி ஆளாளுக்கு சாக்லேட் குடுக்குறாங்க, வேண்டாம்னா கோவிச்சுக்கிறாங்க. "பால் பல்லுதான, விழுந்து முளைக்கும்"னு சொல்லுறாங்க. ராத்திரி ஜூஸ் பாட்டில் இல்லாம தூங்கவும் மாட்டேங்குறான். நான் ஒருத்தி மட்டும் கெட்டவளா நிக்குறேன்.

பதில்: நீங்க கெட்டவ இல்லம்மா, அந்தக் கூட்டத்துல அந்தப் பிள்ளையோட பல்ல நினைக்கிற ஆளு நீங்கதான்.

பால் பல்லு விழும்ங்கிறது உண்மைதான், ஆனா பின்னாடி இருக்குற பால் கடவாய்ப்பல்லு 10, 12 வயசு வரைக்கும் இருக்கணும். அதுக்குள்ள சொத்தை வந்து சீழ் பிடிச்சா பிள்ளை ராத்திரி வலில துடிக்கும், சரியா சாப்பிடாது, வெயிட் ஏறாது. சீக்கிரமா எடுத்துட்டா பக்கத்துப் பல்லு அந்த இடத்துக்கு சாயும், அடுத்து முளைக்கிற நிரந்தரப் பல்லுக்கு இடம் இல்லாம கோணலா வரும். பால் பல்லோட எனாமல் பெரியவங்களுத விட மெலிசு, சொத்தை விழுந்தா நரம்பு வரைக்கும் வேகமா போயிடும். இத கோவிச்சுக்கிற சொந்தக்காரங்ககிட்ட பொறுமையா ஒரு தடவ சொல்லிப் பாருங்க, "டாக்டர் சொல்லிட்டாங்க"ன்னு என் பேர்ல பழிய போட்டாலும் பரவாயில்ல.

சாக்லேட்ட பிடுங்காதீங்க. பிடுங்கினா அழுவான், பாக்குறவங்க இன்னொண்ணு குடுப்பாங்க. ஒரு டப்பா வைங்க, யாரு குடுத்தாலும் அதுல போடலாம், சாப்பாடு முடிஞ்சதும் அவனே ஒண்ணு செலக்ட் பண்ணி சாப்பிடட்டும். ஸ்வீடன்ல ரொம்ப காலமா சனிக்கிழமை மட்டும் மிட்டாய்னு ஒரு பழக்கம் இருக்கு, மேல சொன்ன அந்த ஆராய்ச்சியோட முடிவுல இருந்து வந்த அறிவுரைதான் அது, அங்க பிள்ளைங்க சனிக்கிழமைக்காக சந்தோஷமாவே காத்திருக்குங்க. வாயில வெச்சு சப்பிக்கிட்டே இருக்குற கெட்டி மிட்டாய், குச்சி மிட்டாய் மட்டும் வேண்டாம், பல்லுக்கும் கெடுதல், சின்னப் பிள்ளைங்களுக்கு தொண்டைல சிக்குற ஆபத்தும் இருக்கு. முழு கொட்டைகளும் அப்படித்தான்.

ஜூஸ் பாட்டில்தான் நீங்க அவசரமா நிறுத்த வேண்டியது. தூக்கத்துல எச்சில் வராது, அந்த ஜூஸ் மேல் முன்பல்லு பின்னாடி விடிய விடிய தேங்கி நிக்கும், முன்பல்லு நாலும் பழுப்பா கரைஞ்சு வர்ற பிள்ளைங்கள நான் அடிக்கடி பாக்குறேன், பெத்தவங்க முகத்தப் பாக்கவே கஷ்டமா இருக்கும். ஒரே நாள்ல முடியாட்டி தினம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி கலந்து, கடைசில வெறும் தண்ணியா ஆக்குங்க. ரெண்டு வாரம் அழுகை இருக்கலாம், தாங்கிக்கோங்க. பேஸ்ட் மூணு வயசு வரைக்கும் அரிசி அளவு, மூணுல இருந்து ஆறு வரைக்கும் பட்டாணி அளவு. பிரஷ்ஷ அவன் கைல குடுத்தாலும் கடைசில ஒரு ரவுண்டு நீங்கதான் தேய்க்கணும், ஏழு எட்டு வயசு வரைக்கும் அவங்களுக்கு கை சரியா வராது.

கேள்வி: ஒட்டுற மிட்டாய் சாப்பிட்டப்ப கேப் கழண்டு கைல வந்துடுச்சு. வீட்டுல இருக்குற சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தப் பசை ஈற எரிச்சுடும், கேப் கோணலா உக்காந்துட்டா அப்புறம் யாராலயும் சரியா திருப்பி வைக்க முடியாது. கேப்ப கழுவி ஒரு சின்ன டப்பாவுல போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க, பல நேரம் அதையே திரும்ப ஒட்டிடலாம். அது வரைக்கும் அந்தப் பக்கம் மெல்லாதீங்க, ராத்திரி கேப்ப சும்மா வெச்சுக்கிட்டு தூங்கிடாதீங்க, முழுங்கிடுவீங்க. பிரேஸ் போட்டிருக்குற பிள்ளைங்களுக்கும் இந்த ஒட்டுற மிட்டாய் ஆகாது, கம்பி வளையும், ஒட்டின பிராக்கெட் பேந்து வரும்.

கேள்வி: அம்மாவுக்கு சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு, மாத்திரை நிறைய சாப்பிடுறாங்க. வாய் எப்பவும் காஞ்சே இருக்கு, அதுக்காக புளிப்பு மிட்டாய் ஒண்ண எப்பவும் வாயில வெச்சிருப்பாங்க. விருந்து சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே வருஷத்துல ஈறு ஓரமா நாலஞ்சு பல்லு சொத்தை ஆயிடுச்சு. இத்தனை வருஷம் ஒரு சொத்தை கூட கிடையாது.

பதில்: விருந்து சாப்பாட்ட குத்தம் சொல்ல வேண்டாம், காரணம் அந்த வாய் வறட்சியும் அதுக்கு மருந்துன்னு வெச்சுக்கிட்ட மிட்டாயும்தான். சாதாரணமா நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சில் ஊறும். சில பிரஷர் மாத்திரை, அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை இதெல்லாம் அத குறைச்சுடும், சுகர் கட்டுப்பாட்டுல இல்லாட்டியும் வாய் காயும். வயசாக ஆக ஈறு கீழ இறங்கி வேர் வெளிய தெரியும், அந்த இடத்துல எனாமலே கிடையாது, அங்க 6-க்கு மேல பிஎச் இருக்கும்போதே கரைய ஆரம்பிச்சுடும். எச்சில் இல்ல, வேர் வெளிய தெரியுது, அதுக்கு மேல சர்க்கரையும் புளிப்பும் சேந்த மிட்டாய் நாள் முழுக்க. நாலஞ்சு சொத்தை வந்ததுல ஆச்சரியமே இல்ல.

மிட்டாய்க்கு பதிலா சைலிட்டால்ங்கிற இனிப்பு போட்ட சர்க்கரை இல்லாத சூயிங்கம் குடுங்க, மெல்லும்போது எச்சில் ஊறும், சைலிட்டால அந்த கிருமிங்களால ஆசிட்டா மாத்த முடியாது. பொய்ப்பல்லு இருந்து மெல்ல முடியாட்டி வாயில வெச்சு சப்புற சைலிட்டால் லாசெஞ்சஸ் மாத்திரை, இல்ல செயற்கை எச்சில் ஸ்பிரே. வீட்டுல நாய் இருந்தா இதெல்லாம் அதுக்கு எட்டாத இடத்துல வைங்க, நாய்க்கு சைலிட்டால் கடும் விஷம். அடிக்கடி வெறும் தண்ணி ஒரு மடக்கு. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, எழுதின டாக்டர்கிட்ட வாய் காயுதுன்னு சொல்லுங்க, மாத்த முடிஞ்சா மாத்துவாங்க. பல் டாக்டர்கிட்ட ஃப்ளோரைடு அதிகமா இருக்குற பேஸ்ட், பல்லு மேல பூசுற ஃப்ளோரைடு வார்னிஷ் ரெண்டையும் கேளுங்க. ஈறு நோய் இருந்தா சுகர் கட்டுக்குள்ள வர்றது கஷ்டம், சுகர் ஏறினா ஈறு நோய் கூடும், அதனால ஈறையும் சேத்து காட்டுங்க.

கேள்வி: ராத்திரி லேட்டா விருந்து சாப்பிட்டு படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருது. சமீபத்துல மேல் முன்பல்லு ஓரம் கண்ணாடி மாதிரி மெலிசா தெரியுது, கூசுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

பதில்: இருக்கு, நல்லா கவனிச்சிருக்கீங்க. வயித்து ஆசிட்டோட பிஎச் 1-ல இருந்து 2, கோலாவ விட கடுமை. மேல் முன்பல்லோட உள்பக்கம், நாக்கு படுற பக்கம், அங்கதான் முதல்ல தேயும், அதனால கண்ணாடில பாத்தா ரொம்ப நாள் தெரியாம இருந்திருக்கும். படுக்குறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி சாப்பாட்ட முடிங்க, தலைப்பக்கம் கட்டில கொஞ்சம் உயர்த்துங்க. புளிச்ச தண்ணி வந்தா உடனே பிரஷ் பண்ணாதீங்க, ஒரு கிளாஸ் தண்ணில ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளிச்சு துப்புங்க. வாந்தி எடுக்குற கர்ப்பிணிகளுக்கும் இதே யோசனைதான். ஆனா இது பல் டாக்டரோட மட்டும் முடியுற விஷயம் இல்ல, வயித்து டாக்டரையும் பாக்கணும்.

கேள்வி: விருந்துல பல்லுக்கு நல்லதுன்னு ஏதாவது இருக்கா, எல்லாமே கெட்டதா?

பதில்: இருக்கே. சீஸ் ஒரு துண்டு கடைசில சாப்பிட்டா பிஎச் சீக்கிரம் ஏறும், அதுல கால்சியம், பாஸ்பேட், கேசின்ங்கிற புரதம் எல்லாம் இருக்கு. சர்க்கரை சேக்காத பால், தயிர், வறுத்த கொட்டைகள், பச்சைக் காய்கறி, மீன், முட்டை, இறைச்சி எதுவும் கிருமிக்கு பெருசா தீனி இல்ல. ஆப்பிள் கடிச்சா பல்லு சுத்தமாகும்னு சொல்லுறத மட்டும் நம்பாதீங்க, எச்சில் ஊறும், அவ்வளவுதான், பிரஷ் பண்ணுற வேலைய அது பண்ணாது.

கேள்வி: போன லீவுல நடுராத்திரி பல்வலி, எல்லா க்ளினிக்கும் மூடியிருக்கு. கிராம்பு எண்ணெய் வெச்சேன், வலி மாத்திரைய பல்லு மேலயே வெச்சு அழுத்தினேன், பழைய ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருந்துச்சு, அதையும் போட்டேன். அடுத்த தடவ இப்படி ஆனா என்ன பண்ணணும்?

பதில்: கிராம்பு எண்ணெய் தப்பில்ல, அதுல யூஜினால் இருக்கு, கொஞ்ச நேரம் மரத்துப் போகும், பஞ்சுல ஒரு துளி நனைச்சு பல்லுல மட்டும் வைக்கணும், ஈறுல வழிய விட்டா எரிச்சுடும். மாத்திரைய பல்லு மேல வைக்கிறது பெரிய தப்பு, அந்த இடத்துல ஈறும் கன்னமும் வெந்து வெள்ளையா உரிஞ்சு வரும். மாத்திரை முழுங்கி ரத்தத்துல கலந்தாத்தான் வேலை செய்யும். பாரசிட்டமால் அட்டைல போட்டிருக்குற அளவுக்கு மேல போகாம எடுத்துக்கலாம். ஐபுபுரூஃபன் பல்வலிக்கு நல்லா கேக்கும், ஆனா கிட்னி பிரச்சினை, அல்சர், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, கர்ப்பிணிங்க டாக்டர கேக்காம தொடக் கூடாது. மிச்சம் இருந்த ஆன்டிபயாட்டிக் நரம்பு வலிய குறைக்காது, கிருமிக்கு பழக்கம் குடுத்து, நிஜமா தேவைப்படுற அன்னைக்கு மருந்து வேலை செய்யாம போகும்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணில கொப்பளிங்க, பல்லு நடுவுல சிக்கினது ஏதாவது இருந்தா ஃப்ளாஸ் பண்ணி எடுங்க, சில நேரம் வலியே அதோட போயிடும். படுத்தா தலைக்கு ரத்தம் அதிகமா போய் வலி கூடும், அதனால ரெண்டு தலகாணி வெச்சு சாஞ்சு படுங்க. வீக்கம் இருந்தா வெளிய கன்னத்துல துணில சுத்தின ஐஸ் வைங்க, சூடு ஒத்தடம் வேண்டாம். வலி தானா நின்னு போச்சுன்னாலும் காட்டாம விடாதீங்க, நரம்பு செத்துப் போய் வலி நின்னிருக்கலாம், சீழ் உள்ள வளந்துக்கிட்டே இருக்கும்.

கண்ணுக்குக் கீழயோ கழுத்துக்கோ வீக்கம் பரவுது, வாய் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, மூச்சு விட கஷ்டமா இருக்கு, காய்ச்சல் அடிக்குது, இதுல ஒண்ணு இருந்தாலும் பல் க்ளினிக் திறக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. கூட ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, தனியா வண்டி ஓட்டாதீங்க.